பெயரில்லாத எண்ணைக் கடலுக்கு அனுப்பாதீர்கள்

டீ ஆறுவதற்குள் இந்த வரியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பழவேற்காடு|கிழக்கு|92|18|23|35|40|13 24 08|80 30 05

முதல் இரண்டும் புரிகின்றன: ஊர், திசை. அடுத்து வரும் 92 என்ன? விலையா, தூரமா, படகுகளின் எண்ணிக்கையா? 35, 40 என்பவை எதன் அளவு? எழுதியவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, வாசிக்கிற நமக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வரியைக் கோப்பிலிருந்து எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முன்னாலும் அதற்குரிய பெயரைப் போட்டுத் திரையில் காட்டுவது, சி மொழி படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி. வகுப்பில் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். பழவேற்காட்டுக் கரையிலிருந்து பார்க்கும்போது, அவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகக் கூடாத பாடம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரணம் இருக்கிறது. ஹைதராபாத்தில் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் என்று ஒன்று உண்டு. இன்காய்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1999-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். மீன் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்புள்ள கடற்பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணித்து, கரையோர மாநிலங்களுக்கு அறிவிப்பாக அனுப்புகிறார்கள். கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நீரில் உள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் சந்திக்கும் விளிம்புகளில் நுண்ணிய பாசி செழிக்கும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் அறிவிப்பு சொல்கிறது.

அதில் இருக்கும் விவரங்கள் இவை: எந்த இறங்குதளத்திலிருந்து, எந்தத் திசையில், எத்தனை பாகைக் கோணத்தில், எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை கிலோமீட்டர் வரை, எத்தனை மீட்டர் ஆழத்தில், என்ன அட்சரேகை, என்ன தீர்க்கரேகை. மேலே நான் எழுதிய வரி அந்த அமைப்பைப் பின்பற்றியது. எண்கள் பாடத்துக்காக நானே போட்டவை. அவற்றை நம்பி யாரும் படகை எடுக்க வேண்டாம்.

இப்போது அதே வரி பெயர்களோடு வரட்டும்:

இறங்குதளம்: பழவேற்காடு
திசை: கிழக்கு
கோணம்: 92 பாகை
தூரம்: 18 முதல் 23 கிலோமீட்டர்
ஆழம்: 35 முதல் 40 மீட்டர்
அட்சரேகை: 13 பாகை 24 கலை 08 விகலை வடக்கு
தீர்க்கரேகை: 80 பாகை 30 கலை 05 விகலை கிழக்கு

ஒரு எண்கூட மாறவில்லை. ஆனால் இதை லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோட்டைக்குப்பத்திலோ தொழிலுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தால் கேள்வியில்லாமல் வாசித்துவிடுவார். பெயரோடு அலகும் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். அலகு விட்டுப்போனால் பெயர் இருந்தும் பயனில்லை. நம் கரையில் ஆழத்தைப் பாகத்தில் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. வெறுமனே ‘ஆழம் 35’ என்று எழுதினால், பாகத்தில் பழகியவர் அதை 64 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார். ‘தூரம் 23’ என்றால், கடல் மைலில் பழகியவருக்கு அது 42 கிலோமீட்டருக்கும் மேல். 23 கிலோமீட்டருக்கு எண்ணெய் ஊற்றிக் கிளம்புகிற ஃபைபர் படகுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒலிபெருக்கியில் பேசுகிறவர் வெறும் எண்ணை வாசித்துவிட்டுப் போக முடியாது. எதன் உயரம், எந்தப் பகுதியில், எந்த நேரத்துக்கு என்று சொல்லியே ஆக வேண்டும். நாம் எழுதப்போகும் சி நிரலும் அந்த வேலையைத்தான் செய்யப்போகிறது. அது சரியாகச் செய்கிறதா என்பதுதான் இனி நம் பேச்சு.

முதலில் கோப்பைத் திறக்க வேண்டும். அதற்கு எஃப்ஓப்பன். கோப்பு இல்லாவிட்டால், அல்லது வாசிக்க அனுமதி இல்லாவிட்டால், அது வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் மேலே போனால் நிரல் நடுவில் விழுந்துவிடும். எனவே திறந்தவுடன் முதல் கேள்வி, ‘உண்மையில் திறந்ததா’ என்பதுதான்.

அடுத்தது வாசிப்பு. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் எஃப்ஸ்கேன்எஃப் என்ற கட்டளையோடு தொடங்கும். ஒரு சொல், ஒரு எண், இன்னொரு எண் என்று நாம் சொல்லச் சொல்லக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். எளிதாகத் தெரியும். ஆனால் சொல்லை வாசிக்கும் சதவீதக் குறி எஸ், இடைவெளி கண்ட இடத்தில் நின்றுவிடும். பழவேற்காடு ஒரே சொல். லைட்ஹவுஸ் குப்பம் இரண்டு. நடுவூர் மாதா குப்பம் மூன்று. ‘நடுவூர்’ என்பதை ஊராக எடுத்துக்கொண்ட நிரல், ‘மாதா’ என்பதைத் திசையாக எடுத்துக்கொள்ளும். அடுத்து ஒரு எண்ணைத் தேடும்போது ‘குப்பம்’ வந்து நிற்கும். அந்த இடத்தில் வாசிப்பு முடங்கிப்போகும். ஊர்ப்பெயரில் இடைவெளி இருப்பது ஊரின் குறை இல்லை. அதற்கு இடம் வைக்காத நிரலைத்தான் திருத்த வேண்டும்.

ஆகவே முழு வரியையும் முதலில் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பிரிப்பதே நல்ல வழி. அதற்கு எஃப்கெட்ஸ் இருக்கிறது. பழைய புத்தகங்களில் கெட்ஸ் என்றொரு கட்டளையைப் பார்ப்பீர்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே வாசித்துக்கொண்டே போகும் கட்டளை அது. அந்த ஆபத்தினாலேயே 2011-ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். எஃப்கெட்ஸ் அப்படியில்லை. இடம் எவ்வளவு என்று சொன்னால், அதற்கு மேல் ஒரு பைட்டைக்கூட எடுக்காது.

இங்கேதான் தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வகுப்பில் வரிக்கு 80 இடம் ஒதுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் வரியைக் கண்ணால் எண்ணினால், இடைவெளிகளையும் கோடுகளையும் சேர்த்து 44 எழுத்து. 80 தாராளம் என்று தோன்றும். ஆனால் சி மொழி எண்ணுவது பைட்டுகளை. இன்று பரவலாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘பழவேற்காடு’ நம் கணக்கில் ஆறெழுத்து: ப, ழ, வே, ற், கா, டு. கம்ப்யூட்டர் கணக்கில் வே என்பது வ ஒன்று, ஏகாரக் குறி ஒன்று. ற் என்பது ற ஒன்று, புள்ளி ஒன்று. இப்படிப் பிரித்தால் பத்துக் குறியீடுகள், 30 பைட். ‘கிழக்கு’ 21 பைட். மொத்த வரி 85 பைட்.

80 இடம் மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும்? சரத்தின் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட்டுக்கு ஓரிடம் விட்டு, எஃப்கெட்ஸ் 79 பைட்டை எடுக்கும். அந்த 79-ஆவது பைட் எங்கே விழுகிறது என்று எண்ணிப் பார்த்தால், தீர்க்கரேகையின் 80 முடியும் இடத்தில் சரியாக விழுகிறது. 30 கலையும் 05 விகலையும் வெட்டுப்பட்டு, அடுத்த வரி போல வேடமிட்டு வரும். அவற்றைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும் நிரல், ‘தீர்க்கரேகை: 80 பாகை 00 கலை 00 விகலை’ என்று அச்சிடும். பார்த்தால் சுத்தமான விடை. வரைபடத்தில் குறித்தால் அந்த இடம் 54 கிலோமீட்டர் மேற்கே தள்ளி, கும்மிடிப்பூண்டிக்கும் அப்பால் தரையில் இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களோடு சோதித்துப் பார்த்த நிரல் அன்று சரியாகவே ஓடியிருக்கும். தமிழ்ப் பெயர் வந்த அன்றுதான் இது தெரியவரும்.

மருந்து எளிது. இடத்தைத் தாராளமாக, 1024 பைட் என்று ஒதுக்குங்கள். அதோடு நிறுத்தாமல், வாசித்த வரியின் கடைசியில் வரி முடிவுக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முழு வரி வந்துவிட்டது. இல்லையென்றால் வரி வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது அது கோப்பின் கடைசி வரி. வெட்டுப்பட்ட வரியைப் பயன்படுத்தாமல், எச்சரிக்கை காட்டிவிட்டு மீதியையும் தள்ளிவிடுங்கள்.

விண்டோஸில் சேமித்த கோப்பு என்றால் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. வரி முடிவில் ஒரு குறிக்குப் பதில் இரண்டு குறிகள் இருக்கும். லினக்ஸில் வாசிக்கும்போது அவற்றில் முதலாவது கடைசிப் புலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை அச்சிட்டால், திரையில் எழுதும் இடம் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, பின்னால் வருவது முன்னால் இருந்ததை மறைத்துவிடும். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் சேர்ந்திருக்கும். முதல் வரியின் ஊர்ப்பெயர் பார்வைக்குப் பழவேற்காடுதான். ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. இரண்டையும் வாசித்த கையோடு நீக்கிவிட வேண்டும்.

கோப்பு எப்போது முடிகிறது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘கோப்பு முடியாத வரை வாசி’ என்று எஃப்ஈஓஎஃப்-ஐக் கேட்டுக்கொண்டு சுற்றும் நிரல்கள் நிறைய உண்டு. வாசிக்க முயன்று தோற்ற பிறகுதான் கோப்பு முடிந்துவிட்டது என்று அதற்கே தெரியும். அதனால் கடைசி வரி இரண்டு தடவை அச்சாகும். எஃப்கெட்ஸ் வரியைத் தருகிற வரை சுற்று, தராதபோது நில் என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இனி பிரிப்பு. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஓர் ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் தொழில் செய்யலாம் என்பதை ஊர்த் தலைக்கட்டுகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது அது. முறைதான் உரிமை. ஒருவர் வராமல் போனாலும் அவருடைய முறை அவருடையதாகவே இருக்க வேண்டும். அடுத்தவர் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்துவிட்டால் பட்டியல் முழுக்கக் குழம்பும். கோப்பில் உள்ள புலங்களும் அப்படித்தான். ஆறாவது இடம் ஆழத்துக்கு என்றால், ஆழம் தெரியாத நாளிலும் அந்த இடம் காலியாக ஆழத்துக்கே இருக்க வேண்டும்.

சி மொழியில் பிரிப்பதற்கென்றே ஸ்டர்டோக் என்ற கட்டளை இருக்கிறது. செங்குத்துக் கோடு கண்ட இடத்தில் வெட்டித் துண்டு துண்டாகத் தரும். ஆனால் இரண்டு கோடுகள் அடுத்தடுத்து வந்தால் அவற்றை ஒரே கோடாக எடுத்துக்கொள்ளும். காலிப் புலம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆழம் வராத ஒரு நாளின் வரியைப் பாருங்கள்:

பழவேற்காடு|கிழக்கு|92|18|23|||13 24 08|80 30 05

ஸ்டர்டோக் கையில் இது போனால், 23-க்கு அடுத்த துண்டாக ‘13 24 08’ வரும். நிரல் அதை ஆழத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்த ‘80 30 05’ ஆழத்தின் முடிவு. எழுத்தை எண்ணாக மாற்ற ஏடாய் என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால், அது முதலில் வரும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். திரையில் வருவது இது:

ஆழம்: 13 முதல் 80 மீட்டர்

நிரல் விழவில்லை, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. பெயரும் அலகும் ஒழுங்காக இருக்கின்றன. எண்ணும் நம்பக்கூடியதாகவே இருக்கிறது. கடலில் 13 மீட்டரும் உண்டு, 80 மீட்டரும் உண்டு. உண்மையில் அவை அட்சரேகையின், தீர்க்கரேகையின் பாகைகள். அடுத்த இரண்டு பெயர்களுக்கு எண்ணே மிஞ்சாது. எண்ணுக்குப் பெயர் போடாத நிரலைவிட, தவறான பெயரை ஒட்டுகிற நிரல் ஆபத்தானது. பெயர் இல்லாதபோது வாசிப்பவர் ‘இது என்ன’ என்று கேட்பார். பெயர் இருந்தால் கேட்க மாட்டார், நம்பிவிடுவார். நான் சொல்ல வந்ததே இதுதான்: எண்ணுக்கு முன்னால் ஒரு பெயரை அச்சிடுவது வாக்குக் கொடுப்பதற்குச் சமம். உறுதியாகத் தெரியாத இடத்தில் அந்த வாக்கைக் கொடுக்க நிரலுக்கு உரிமை கிடையாது.

காலிப் புலத்தை மதிக்கும் பிரிப்பை நாமே எழுதிக்கொள்ளலாம். பத்து வரிகூட ஆகாது. வரியின் தொடக்கத்தில் ஒரு சுட்டியை வையுங்கள். அங்கிருந்து அடுத்த கோடு எங்கே என்று ஸ்டர்சிஎச்ஆர் கட்டளையிடம் கேளுங்கள். கோடு கிடைத்த இடத்தில் பூஜ்ய பைட்டை எழுதினால், சுட்டியிலிருந்து அதுவரை உள்ளது ஒரு புலம். அதன் முகவரியைப் பட்டியலில் குறித்துக்கொண்டு, சுட்டியைக் கோட்டுக்கு அடுத்த பைட்டுக்கு நகர்த்துங்கள். அங்கேயும் உடனே கோடு இருந்தால் நடுவில் இருப்பது காலிப் புலம். அதுவும் தன் இடத்தோடு பட்டியலில் ஏறும். கோடு கிடைக்காதபோது மிச்சமிருப்பது கடைசிப் புலம். முடிவில் எண்ணிப் பாருங்கள். நம் வரியில் ஒன்பது புலம் இருக்க வேண்டும். எட்டோ பத்தோ வந்தால் அந்த வரியில் எந்தப் பெயரையும் அச்சிடாதீர்கள். ‘14-ஆவது வரி: 9 புலங்கள் எதிர்பார்த்தேன், 8 கிடைத்தன’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

யூனிக்ஸில் பயனர் விவரங்களை வைத்திருக்கும் கடவுச்சொல் கோப்பு ஒரு நல்ல உதாரணம். வரிக்கு ஏழு புலம், நடுவில் முக்காற்புள்ளி. பயனரைப் பற்றிய குறிப்புப் புலம் பல வரிகளில் காலியாகவே இருக்கும். இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கும். காலிப் புலத்துக்கும் இடம் உண்டு என்ற உடன்பாட்டினால்தான், அடுத்து வரும் முகப்பு அடைவு தன் இடத்தில் பத்திரமாக நிற்கிறது. டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கியது இந்த யூனிக்ஸை எழுதுவதற்காகத்தான். சி மொழிக்கும் இப்படிப்பட்ட கோப்புகளுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

புலங்கள் கிடைத்துவிட்டன. அவை இன்னும் எழுத்துகள்தான், எண்ணாக்க வேண்டும். ஏடாய் ஏன் வேண்டாம் என்று பார்த்தோம். அதற்கு இன்னொரு குறையும் உண்டு: காலிப் புலத்தைக் கொடுத்தால் பூஜ்யம் தரும். ‘ஆழம் தெரியவில்லை’ என்பதும் ‘ஆழம் 0 மீட்டர்’ என்பதும் ஒன்றாகிவிடும். அதற்குப் பதில் ஸ்டர்டோல் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் தருவதோடு, எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தியது என்றும் அது சொல்லும். தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தால் அங்கே எண்ணே இல்லை. புலத்தின் முடிவுக்கு முன்பே நின்றிருந்தால் எண்ணோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது. முடிவுவரை போயிருந்தால் நல்ல எண். காலியாக இருந்தால் ‘ஆழம்: தரப்படவில்லை’ என்று அச்சிடுங்கள். வாசிப்பவருக்கு அதுவும் ஒரு தகவல்தான்.

அட்சரேகைப் புலத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன. அதைப் பிரிக்க, நினைவகத்தில் உள்ள சரத்திலிருந்து வாசிக்கும் எஸ்ஸ்கேன்எஃப் பொருத்தமானது. ஆனால் சதவீதக் குறிக்குப் பிறகு டி போட வேண்டும். ஐ போடக் கூடாது. இரண்டும் முழு எண்ணைத்தான் வாசிக்கும் என்றாலும், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை ஐ எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த எண்முறையில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. 08 என்பதில் 0-வை மட்டும் எடுத்துக்கொண்டு, 8-ஐ அடுத்த எண்ணுக்கு விட்டுவிடும். ஆறு எண்களையும் ஒரே புலத்தில் ‘13 24 08 80 30 05’ என்று எழுதியிருந்தால், அட்சரேகை 13 பாகை 24 கலை 0 விகலை. தீர்க்கரேகை 8 பாகை 80 கலை 30 விகலை. ஆறு எண் கேட்டோம், ஆறும் கிடைத்தன என்று எஸ்ஸ்கேன்எஃப் நல்ல சேதிதான் சொல்லும். எண்ணிக்கையைச் சரிபார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி. கலை 60-ஐ எட்டக் கூடாது, 80 வந்திருக்கிறது. அந்த ஒரு சோதனை இருந்தால் இந்தப் பிழை அங்கேயே பிடிபடும். கோணம் 0 முதல் 360-க்குள், தூரத்தின் தொடக்கம் முடிவைவிடக் குறைவு, அட்சரேகை நம் கரைக்குப் பொருந்துகிற எல்லைக்குள் என்று ஒவ்வொரு பெயருக்கும் அதன் எல்லையைக் கேட்டுவிட்டுத்தான் அச்சிட வேண்டும்.

அட்சரேகையைக் காட்டும் வடிவத்தையும் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 13 பாகை 24 கலை 08 விகலை என்பது தசமப் பாகையில் 13.4022. ஜிபிஎஸ் கருவிகள் பலவற்றில் பாகையும் தசமக் கலையும் காட்டும் அமைப்பும் உண்டு; அதில் இது 13 பாகை 24.133 கலை. மூன்றும் ஒரே இடம். யாராவது அவசரத்தில் 13.24 என்று தசமப் பாகையாகப் போட்டுவிட்டால், இடம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போகும். பாகை, கலை, விகலை என்று எண்ணுக்குப் பின்னால் எழுதிவிடுவது இந்தக் குழப்பத்துக்கு மலிவான காப்பு.

கடைசியாக அச்சு. பெயர்களை நிரலெங்கும் இறைத்துவைக்காமல் ஒரே இடத்தில் அட்டவணையாக வையுங்கள்: புலத்தின் பெயர், அலகு, குறைந்த எல்லை, கூடிய எல்லை. பெயரை மாற்றினால் அலகும் பக்கத்திலேயே கண்ணில் படும். கோப்பு எழுதுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், முதல் வரியாகப் புலப்பெயர்களை எழுதித் தரச் சொல்லுங்கள். நிரல் அந்தத் தலைப்பு வரியை வாசித்துத் தன் அட்டவணையோடு ஒப்பிடட்டும். ஒருநாள் அவர் ஆழத்தையும் தூரத்தையும் இடம் மாற்றினால், மற்றவர்களுக்கு முன் நிரலுக்குத் தெரிந்துவிடும்.

பெயர்களை ஒரே அகலத்தில் அடுக்கி, முக்காற்புள்ளிகளை நேர்க்கோட்டில் நிறுத்த ஆசை வரும். பிரின்ட்எஃப்-இல் அகலம் கொடுக்க வழியும் இருக்கிறது. ஆனால் அந்த அகலமும் பைட் கணக்கு. 32 என்று கொடுத்தால், 12 பைட் உள்ள ‘திசை’க்கு 20 இடைவெளி சேரும், 30 பைட் உள்ள ‘இறங்குதளம்’ இரண்டோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியும் நீளமோ இரண்டெழுத்தும் ஏழெழுத்தும். வரிசை கோணலாகும். நீளத்தைக் குறைக்க அச்சிடும் பைட்டுகளுக்கு எல்லை வைத்தால் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, கட்டமோ கேள்விக்குறியோ வரும். தமிழில் அச்சிடும்போது பெயர், உடனே முக்காற்புள்ளி, ஓர் இடைவெளி, மதிப்பு என்று எளிமையாக எழுதுங்கள். சின்னக் கைபேசித் திரையிலும் அது ஒழுங்காக வாசிக்கக் கிடைக்கும்.

நிரலை முடித்ததும் நல்ல வரியை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஆறு வரிகள் உள்ள சோதனைக் கோப்பு ஒன்றை உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஒன்றில் ஊர் நடுவூர் மாதா குப்பமாக இருக்கட்டும். ஒன்றில் ஆழம் காலி. ஒன்றில் கலை 08. ஒன்றில் ஒரு புலம் குறைவு. ஒன்று உங்கள் இட ஒதுக்கீட்டைவிட நீளம். கடைசி வரியை, வரி முடிவுக் குறி இல்லாமலே முடியுங்கள். வகுப்பில் கற்றுத் தருகிறவராக இருந்தால், விடைத்தாளில் நல்ல வரிக்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, இந்த ஆறு வரிகளுக்கும் அவ்வளவு கொடுங்கள். ஆறில் நான்குக்கு நிரல் பெயரோடு சரியான மதிப்பையோ ‘தரப்படவில்லை’ என்பதையோ காட்ட வேண்டும். மற்ற இரண்டுக்கு, எந்த வரி, என்ன குறை என்று சொல்லி அச்சிட மறுக்க வேண்டும். அப்படி மறுக்கத் தெரிந்த நிரல் காட்டும் எண்ணை, கரையில் நிற்கிறவர் நம்பி எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.